முன்மாதிரி நாய் பவுன்ராஜ்

திருநெல்வேலிச் சீமையிலேயே மிகச் சிறந்த நாய் என்று வாரியம் முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுத்தது ஒரு பூசணிக்காய்க்கு. அதை வளர்த்தவள் நான். சான்றிதழ் வந்த மறுநாளே அதைப் புளிக்கறி வைத்துச் சாப்பிட்டும் விட்டேன். உப்பு கொஞ்சம் கூடிப்போனது. மற்றபடி நல்ல நாய்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். என் பெயர் சங்கரவடிவு. வயது எழுபத்திரண்டு. எடையளவுத் துறையில் முப்பத்தெட்டு வருடம் முத்திரை ஆய்வாளராக இருந்தவள். நான் பிடித்த கள்ளத் தராசுகளை ஒன்றாகக் கொட்டினால் ஒரு சரக்கு ரயில் நிரம்பும். எதிர்வீட்டு ஞானதிரவியம் சாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், "மூணு பெட்டி" என்பார். அவர் ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியர். நான் எதைச் சொன்னாலும் பத்தால் வகுத்துத்தான் காதில் வாங்குவார். நூறு பேர் கூடினார்கள் என்றால் அவருக்குப் பத்துப் பேர். ஆளுயரப் பாம்பு என்றால் அவருக்கு மண்புழு. பதினான்கு வருடமாக எங்கள் நட்பு இப்படித்தான் ஓடுகிறது.

ஆனால் ஒரு பூசணிக்காயைப் பத்தால் வகுத்தால் என்ன வரும்? அங்கேதான் மனிதர் மாட்டிக்கொண்டார்.

பாளையங்கோட்டையில் எங்கள் நாவல்மரக் காலனியில் காலை ஆறரை மணிக்கு எல்லோரும் தெருமுனையில் வரிசை கட்டி நிற்போம். ஆளுக்கொரு நாய். நாயின் கழுத்தில் வெள்ளை நிற நலப்பட்டை. தெருமுனையில் இடுப்புயரத்துக்கு ஒரு வாசிப்புத் தூண். நாயைத் தூணருகே கொண்டுபோனால், தூண் பட்டையை வாசித்துவிட்டு அன்றைய இணக்க எண்ணைச் சொல்லும். நூற்றுக்கு எத்தனை என்று. சர்க்கரைப் பாகில் ஊறிய பெண்குரல். "எண்பத்தொன்று. நன்று. இன்றைய நாள் இனிதாகுக."

அமைதி நகரச் சட்டம் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. வண்டிகள் சத்தம் போடுவதில்லை. குக்கர் விசில் அடிப்பதில்லை. கீரைக்காரி கூவுவது எழுத்தாக மாறி நம் போனுக்கு வருகிறது. எல்லாவற்றையும் வாய்மூட வைத்த பிறகு மிச்சம் இருந்தவை நாய்கள்தான். நாய்களின் நன்மைக்காக என்று நகர இணக்க வாரியம் பட்டையைக் கொண்டுவந்தது. பட்டையில் பதினேழு சென்சார். நாடி, சூடு, மூச்சு, நடை, குரல் எல்லாவற்றையும் அளந்து ஒரே எண்ணாகத் தந்துவிடும். நாடி நின்றால் வாரியத்துக்குத் தானாகவே செய்தியும் அனுப்பிவிடும்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. வரிசையில் நின்று பேச்சைக் கேட்டால்தான் விஷயம் விளங்கும்.

"எங்க டாமி ரெண்டு நாளா வாந்தி எடுக்கான்."

"ஸ்கோர் என்ன?"

"எழுபத்தேழு."

"அப்ப அது வாந்தி இல்ல, விடுங்க."

சத்தியமாக இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். நாய் கீழே நின்று மனிதர் முகத்தைப் பார்க்கும். மனிதர் தூணின் முகத்தைப் பார்ப்பார்.

என் நாயின் பெயர் வக்கீல். பதினொரு வயது, செவலை, நாட்டுநாய். வீட்டு வாசலில் யார் வந்து நின்றாலும் எழுந்து ஆட்சேபம் தெரிவிப்பான். அதனால் அந்தப் பெயர். அவன் குரைத்தால் தாமிரபரணிக்கு அக்கரையில் மாடு மிரளும். (ஞானதிரவியம் சார்: "அடுத்த தெருவுல பூனை மிரளும்.") ஆனாலும் அவன் எண் எழுபதுக்குக் கீழே போனதில்லை.

இந்தச் சித்திரையில் சரிய ஆரம்பித்தது. அறுபத்திரண்டு, ஐம்பது, நாற்பத்து மூன்று. சோற்றை வாயில் எடுத்துக் கீழே போட்டான். தலையைச் சாய்த்து ஒரு பக்கமாக மென்றான். பட்டையைச் சரிசெய்யக் கையைக் கொண்டுபோனால் உறுமினான். ஒருநாள் என் கையையே கடித்துவிட்டான். கை துண்டாகத் தொங்கியது. ("கீறல்." அதையும் அவர்தான் சொன்னார்.) மறுநாள் தூண் கனிவாகச் சொன்னது: "முப்பத்தாறு. எதிர்ப்பு மனநிலை. கவனிக்கவும்."

நாற்பதுக்குக் கீழே ஏழு நாள் தொடர்ந்தால் நோட்டீஸ் வரும். நோட்டீஸ் வந்த இருபத்தொன்றாம் நாள் சீரமைப்பு. அது என்னவென்றால், காதுக்குப் பின்னால் நெல்மணி அளவுக்கு ஒரு சிப் வைப்பார்கள். நாய்க்கு வலிக்காது. அதற்கப்புறம் எதுவுமே வலிக்காது. சாப்பிடும், நடக்கும், தூங்கும். குரைக்காது. கேட்டைத் திறந்து நீங்கள் உள்ளே வந்தால் எழுந்து வராது. எண் மட்டும் தொண்ணூறுக்கு மேலேயே நிற்கும்.

ஞானதிரவியம் சாரின் எஸ்தர் அப்படி ஆனவள்தான். வெள்ளையும் கறுப்புமாக, பஞ்சுமூட்டை மாதிரி ஒரு பெட்டை நாய். முன்பெல்லாம் சாயங்காலம் அவர் ஞானப்பாட்டு எடுத்தால் இவளும் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு கூடவே பாடுவாள். சுதி அவரைவிடக் கொஞ்சம் சுத்தமாகவே இருக்கும். போன வருடம் அவளுக்கு முப்பத்தெட்டு வந்தது. நோட்டீஸ் வந்தது. சார் மறுபேச்சுப் பேசாமல் கூட்டிக்கொண்டு போனார். இப்போது தொண்ணூற்றாறு. இப்போது சார் பாடுவதில்லை. எஸ்தருக்குத் தண்ணீர் வைத்தாலும், "குடி" என்று சொன்னால்தான் குடிக்கிறாள்.

எனக்கு நோட்டீஸ் வந்த அன்று அவர்தான் முதலில் வந்தார். கையில் எஸ்தரின் கயிறு.

"பயப்படாதீங்க வடிவம்மா. அரை மணி நேர வேலை. எஸ்தரப் பாருங்க, எவ்வளவு நிம்மதியா இருக்கா."

"நிம்மதியா இருக்கது அவளா, நீங்களா?"

"எண் பொய் சொல்லாது."

"எண் பொய் சொல்லாது சார். எண்ணச் சொல்லுத மிசின் சொல்லும். முப்பத்தெட்டு வருசம் அந்தப் பொய்யிலதான் எனக்குச் சம்பளம்."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் வக்கீலை மடியில் போட்டேன். துண்டை அவன் தாடையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, டார்ச் அடித்து வாயைத் திறந்து பார்த்தேன். அவன் என்னை நாற்பது இடத்தில் கடித்தான் (நான்கு, நானே வகுத்துவிட்டேன்). வலது மேல்வரிசையில் பெரிய கடைவாய்ப்பல் நெடுக்கே பிளந்திருந்தது. ஈறு பழுத்துப்போய் நாறியது. வெளியே தொட்டால் கண்ணுக்குக் கீழே மெத்தென்று வீக்கம். பாவி மகனுக்குப் பல்வலி! பல்வலி வந்தால் நான்கூடத்தான் கடிப்பேன். எனக்குக்கூடத்தான் முப்பத்தாறு வரும்.

மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் சின்னப் பையன். நாயைப் பார்ப்பதற்கு முன்னால் திரையைப் பார்த்தான்.

"நாப்பதுக்குக் கீழ இருக்க நாயை நாங்க தொடக்கூடாதும்மா. முதல்ல சீரமைப்பு, அப்புறம் பல்லு."

"சீரமைச்ச பெறவு பல்லு வலிக்குன்னு அது சொல்லுமா தம்பி?"

கொஞ்சம் யோசித்தான். "சொல்லாது. அதனால அவசரமும் இருக்காது."

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் ஆஸ்பத்திரி ஓடுகளெல்லாம் ஆடின. வீட்டுக்கு வந்து வக்கீலின் பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பழைய புத்தி, எந்தக் கருவியைக் கண்டாலும் முதலில் அதன் அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பேன். முத்திரையைக் காணோம். வருடம் இல்லை, ஆய்வாளர் எண் இல்லை, ஒன்றுமே இல்லை. வழவழவென்று குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது.

மீன்கடைத் தராசுக்கு முத்திரை உண்டு. மண்ணெண்ணெய் அளந்த காலத்தில் தகரக் குவளைக்கும் முத்திரை இருந்தது. ஒரு ஜீவனின் குணத்தை நிறுக்கும் கருவிக்கு மட்டும் முத்திரை இல்லை. இதை யாருமே சோதித்ததில்லை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு தராசைச் சந்தேகப்பட்டால் என்ன செய்வோம்? எடை தெரிந்த கல்லை அதில் வைப்போம். நலப்பட்டைக்கு எது கல்? குணமே இல்லாத ஒரு பொருள் வேண்டும். அடுக்களையில் நாலு கிலோப் பூசணிக்காய் ஒன்று சும்மா உட்கார்ந்திருந்தது.

வக்கீலின் பட்டையைக் கழற்றி அதற்கு மாட்டினால் வேலை முடிந்ததே என்று நினைப்பீர்கள். மாட்டேன். அளவில் கள்ளம் செய்கிறவர்களை ஆயுசு முழுக்கப் பிடித்தவள் நான். புதுப் பட்டை ஒன்றுக்கு முறைப்படி விண்ணப்பம் போட்டேன். எல்லாம் உண்மையாகத்தான் எழுதினேன். பெயர்: பவுன்ராஜ். நிறம்: மஞ்சள். எடை: நான்கு கிலோ. கடிக்குமா: இல்லை. அந்நியரைக் கண்டால் குரைக்குமா: இல்லை. வீட்டை அசுத்தம் செய்யுமா: இதுவரை இல்லை. ‘இது நாய்தானா’ என்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. இருந்திருந்தால் ‘இல்லை’ என்று எழுதியிருப்பேன்.

பட்டை தபாலில் வந்தது. காம்புப் பக்கம் மூடி மாதிரி வெட்டி, விதையை வழித்து எடுத்தேன். உள்ளே வெந்நீர்ப் பை வைத்தால் உடம்புச் சூடு வந்துவிடும். நாடிக்கு என்ன செய்வது? ஞானதிரவியம் சாரிடம், மாணவர்கள் கொடுத்த ஒரு மேசைக் கடிகாரம் உண்டு. வினாடிக்கு ஒரு டிக். நிமிடத்துக்கு அறுபது, கவலையில்லாத நாயின் நாடி. போய்க் கேட்டேன். புது பேட்டரி போட்டு அவரே கொண்டுவந்தார், வேடிக்கை பார்க்க.

"இதுக்கு என்ன வரும்னு நினைக்கீங்க?" என்றேன்.

"பூஜ்யம். இல்லன்னா பிழைன்னு காட்டும். அவ்வளவு முட்டாத்தனமா எவனும் சாஃப்ட்வேர் எழுத மாட்டான்."

கடிகாரத்தை உள்ளே வைத்து, வெளியே பட்டையை மாட்டி, பூசணிக்காயைக் கூடையில் வைத்து, துண்டு போர்த்தி, காலியாகக் கிடந்த மத்தியானத் தெருவில் இருவருமாக எடுத்துக்கொண்டு போனோம். தூணருகே நீட்டினேன்.

"தொண்ணூற்றெட்டு," என்றது சர்க்கரைக் குரல். "மிக நன்று, பவுன்ராஜ்!"

நான் சிரித்த சிரிப்பு சங்கரன்கோவில் வரைக்கும் கேட்டிருக்கும். இதை அவர் வகுக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் தூணைப் பார்க்கவில்லை. தன் வீட்டுக் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பிகளுக்குப் பின்னால் எஸ்தர் உட்கார்ந்திருந்தாள், வைத்த இடத்தில் வைத்தபடி.

"தற்செயல்," என்றார். "ஒரே ஒரு சாம்பிள வச்சி ஒண்ணும் சொல்ல முடியாது."

"சரி, ஏழு நாள் காட்டுதேன்."

"ஏழு நாளும் ஒரே காய்தான வடிவம்மா."

விறுவிறுவென்று நடந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து வரிசையில் என்னோடு நிற்கவில்லை. யாராவது கேட்டால், "வடிவம்மா வழக்கம்போல அளக்காங்க, பத்தால வகுத்துக்கோங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நான் விடவில்லை. ஏழு நாளும் காலை ஆறரைக்கு இடது கையில் வக்கீல், வலது கையில் கூடை. முப்பத்தைந்து, தொண்ணூற்றெட்டு. முப்பத்து மூன்று, தொண்ணூற்றெட்டு. வரிசையில் பொறாமை பற்றிக்கொண்டு எரிந்தது.

"குட்டியா? என்ன ஜாதி?"

"நாட்டு ஜாதிதான். கொடியில வந்தது."

"என்ன சாப்பாடு குடுக்கீங்க?"

"காத்து."

"ஆர்கானிக்கா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள் ஒருத்தி. ஏழு நாளில் ஒரு மனுஷியோ மனுஷனோகூட அந்தத் துண்டை விலக்கிப் பார்க்கவில்லை. எண்ணைக் கேட்டார்கள், வாயைப் பிளந்தார்கள், போனார்கள். இந்த ஒன்றை மட்டும் நான் பெருக்கிச் சொல்லவில்லை. பெருக்கத் தேவையில்லை.

எட்டாம் நாள் சான்றிதழ் வந்தது. முன்மாதிரி நாய், பவுன்ராஜ். சிவப்பு முத்திரை, தங்கக் கரை. "இணக்கத்திலும் பொறுமையிலும் மாவட்டத்தின் எல்லா நாய்களுக்கும் வழிகாட்டி."

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். வெட்டிய காய் எத்தனை நாள் தாங்கும்? வெந்நீர்ப் பை வேறு. அடிப்பக்கம் இளக ஆரம்பித்துவிட்டது. சான்றிதழ்தான் கையில் இருக்கிறதே, காய் எதற்கு என்று நினைத்தேன். எங்கள் துறையிலும் சோதனை முடிந்தால் சாமானை எடுத்து வைப்பதில்லை, சீட்டைத்தான் பத்திரப்படுத்துவோம். அந்தப் புத்தியில் மறுநாள் கடிகாரத்தை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு, இளகாத பக்கத்தைத் துண்டு போட்டுப் புளிக்கறி வைத்தேன். கடுகு பொரிந்துகொண்டிருக்கும்போது போனில் செய்தி வந்தது. "தங்கள் பவுன்ராஜின் இதயம் நின்றதை அறிந்து வாரியம் ஆழ்ந்த வருத்தம் கொள்கிறது." அடுப்படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். ஒரு கிண்ணம் கறியையும் கடிகாரத்தையும் ஞானதிரவியம் சார் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். கிண்ணம் வழித்துத் துடைத்துத் திரும்பி வந்தது. மனிதர் வரவில்லை.

மறுநாள் இன்னொரு செய்தி வந்தது. வக்கீலின் சீரமைப்பு செவ்வாய்க்கிழமை. அதற்கு முன்னால் திங்கட்கிழமை குறைகேட்பு, அதில் பவுன்ராஜின் திடீர் மரணம் குறித்தும் நான் விளக்கம் தர வேண்டும். சாட்சியைத்தான் தின்றுவிட்டேன் என்று அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை வாசலில் ஞானதிரவியம் சார் எஸ்தரோடு நின்றார்.

"நீங்களும் வாரீங்களா?"

"நீங்க அங்க போயி எதையாவது அளந்து மாட்டிக்கிட்டா, வக்கீலத் திருப்பிக் கூட்டிட்டு வர ஆள் வேண்டாமா? எஸ்தரத் தனியா விட முடியாது. குடின்னு சொல்ல ஆள் வேணும்."

வாரியத்தின் கூடத்தில் நானூறு பேர் இருந்தார்கள். (நாற்பது. சரி.) பாதிப் பேர் கையில் என்னைப் போலவே நோட்டீஸ், காலடியில் நாய். மேடையில் இணக்க அலுவலர் வானதி, முப்பது வயது இருக்கும், மரியாதையான பெண். திரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"முன்மாதிரி நாய் வளர்த்த அம்மாவா? வாழ்த்துகள்! இப்படி ஒண்ணை வளர்க்கத் தெரிஞ்ச நீங்க, இந்த நாயை ஏன் இப்படி விட்டீங்க?"

"அதச் சொல்லத்தான் வந்தேன். அந்த முன்மாதிரி நாய் பூசணிக்காயாக்கும்."

"புரியலம்மா. பவுன்ராஜ் எப்படி இறந்துச்சு?"

"கறி வச்சிட்டேன்."

முன்வரிசையில் ஒருத்தி தன் நாயை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். வானதியின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

"நாயை... கறி..."

"நாய் இல்லம்மா, காய்! புளிக்கறி!"

"பதிவுல நாய்னு இருக்கு. ஏழு நாள் நாடி இருக்கு, உடம்புச் சூடு இருக்கு, இணக்க எண் இருக்கு. கணினி தப்பா பதியாது. நீங்க சொல்றது பொய், இல்லைன்னா நீங்க செஞ்சது குற்றம்."

"போட்டோ எடுத்து வச்சிருக்கேன், பாருங்க."

"படத்தை நாங்க ஏத்துக்கிறதில்ல. யார் வேணும்னாலும் எந்தப் படத்தையும் உருவாக்கலாம்."

"அப்ப இன்னொரு காய் வாங்கிட்டு வாரேன். இந்தா, எதுத்தாப்ல காய்கறிக் கடைதான. அஞ்சு நிமிசம்."

"வீட்ல ஒரு நாய் இறந்தா முப்பது நாள் துக்க இடைவெளிம்மா. அதுவரைக்கும் புதுப் பட்டை கிடையாது."

ஆயுசிலேயே முதல் தடவையாக நான் சொன்ன ஓர் உண்மையை நம்ப வைக்க முடியாமல் நின்றேன். பொய்யென்றால் எனக்குப் பழக்கம் உண்டு, அலங்கரித்து நிறுத்திவிடுவேன். இந்த உண்மை அம்மணமாக நின்றது. காலடியில் வக்கீல் வீங்கின கன்னத்தைக் குளிர்ந்த தரையில் வைத்துப் படுத்திருந்தான். நாளைக்கு இந்நேரம் அவன் எஸ்தர் மாதிரி ஆகிவிடுவான். நான் கேட்டைத் திறப்பேன், அவன் எழுந்து வர மாட்டான்.

எனக்குக் கோபம்தான் வந்தது.

"அம்மா, நீங்க கீழ வாங்க," என்றேன். "அந்தத் திரைய விட்டுட்டுக் கீழ வாங்க. இவன் கண்ணுக்கு அடியில தொட்டுப் பாருங்க. கையக் கடிச்சா என் கையக் கடிக்கட்டும், நான் பிடிச்சுக்கிடுதேன்."

வானதி தயங்கினாள். பிறகு, பாராட்டத்தான் வேண்டும், இறங்கி வந்தாள். குத்தவைத்து உட்கார்ந்தாள். நான் துண்டால் தாடையைப் பிடித்து உதட்டைத் தூக்கினேன். வாடை முகத்தில் அடித்ததும் ஒரு விநாடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் மறுபடி பார்த்தாள், நெடுநேரம். அவள் ஒரு நாயின் வாய்க்குள் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"இது பட்டையில வரலையே," என்றாள் மெதுவாக.

"பட்டை கழுத்துல இருக்கு, பல்லு வாயில இருக்கு. வலிய அது கெட்ட குணம்னு நிறுத்திருக்கு. சொரணையே இல்லாத காயை நல்ல குணம்னு நிறுத்திருக்கு. வெங்காயம் நிறுக்க தராசுக்குக்கூட ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா முத்திரை வேணும்மா. இதுக்கு எங்க முத்திரை? யாரு சோதிச்சா? முத்திரையில்லாத அளவு செல்லாது. முப்பத்தெட்டு வருசம் அதச் சொன்ன இதே வாயாலதான் இப்பவும் சொல்லுதேன். நாளைக்கு என் நாயைத் தொடணும்னா முதல்ல எனக்கு அந்தச் சிப்ப வையுங்க. எனக்கும் எண் நாப்பதுக்குக் கீழதான்."

பின்னால் யாரோ கை தட்டினார்கள். சட்டத்தை மறந்து, சத்தமாக. வானதி எழுந்து நின்று கையேட்டைப் புரட்டினாள்.

"நான் பாத்தது மட்டும் போதாதும்மா," என்றாள். "கருவி மேல தப்புன்னா, அதுக்கு ஒரு விதி இருக்கு. வீட்டு ஆள் இல்லாத வேற ஒருத்தர் நேர்ல பாத்தேன்னு சாட்சிக் கையெழுத்து போட்டா, மாவட்டத்துல இருக்கிற எல்லாப் பட்டையையும் சோதனைக்கு அனுப்பணும். அதுவரைக்கும் எல்லா நோட்டீஸும் நிக்கும். சிகிச்சைக்கும் தடை இருக்காது. சாட்சி இல்லைன்னா, நாளைக்குச் சீரமைப்பு. உங்க மேல வழக்கும் வரும். அந்த நாயைப்... பூசணிக்காயை நேர்ல பாத்தவங்க யாராவது இருக்காங்களா?"

நான் திரும்பவில்லை. பதினான்கு வருடம் என்னைப் பத்தால் வகுத்த மனிதரிடம் போய் எப்படிக் கெஞ்சுவது? அதோடு, அவர் ஏன் வாய் திறக்காமல் இருந்தார் என்பது அந்த மத்தியானத்திலிருந்தே எனக்குத் தெரியும். பவுன்ராஜ் நிஜமென்றால், எஸ்தரை வீணாகச் சீரமைத்ததும் நிஜமாகிவிடும். அதை எதனாலும் வகுக்க முடியாது.

கூடம் அமைதியாக இருந்தது. வக்கீலுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை போலும். எழுந்து நின்று, வலிக்கிற வாயைத் திறந்து ஒரு குரை குரைத்தான். ஜன்னல்களெல்லாம் அதிர்ந்தன. எல்லா நாய்களும் காதை நிமிர்த்தின. எஸ்தர் நிமிர்த்தவில்லை.

எனக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"பூசணிக்காய்தான்," என்றார் ஞானதிரவியம் சார். "நாலு கிலோ. உள்ள ஓடுனது என்னோட கடிகாரம். பேட்டரி போட்டுக் குடுத்ததும் நான்தான். தொண்ணூத்தெட்டுன்னு தூண் சொன்னத என் காதால கேட்டேன். அந்தக் கறியில ஒரு கிண்ணம் சாப்பிட்டேன். உப்பு கூட."

வானதி அவரையும் எஸ்தரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இத்தனை நாளா ஏன் சார் சொல்லல?"

அவர் குனிந்து எஸ்தரின் இடது காதைத் தூக்கினார். எதையோ தேடுகிற மாதிரி உள்ளே பார்த்தார். ஒரு வருடம் தாமதமாக.

"போன வருசம் இவ ஒரு மாசம் தலைய ஆட்டிக்கிட்டே இருந்தா. காதுல என்ன வலியோன்னு இதத் தூக்கி நான் பாக்கல. முப்பத்தெட்டுன்னு சொல்லுச்சு, அதத்தான் பாத்தேன்." பேனாவுக்காகக் கையை நீட்டினார். "எழுதிக்கோங்கம்மா. வடிவம்மா சொன்னது அத்தனையும் நடந்தது. எதையும் வகுக்க வேண்டாம்."